மர ஆவிகளும் கோடரியும்: யப்பானிய நாட்டார் மரபு பற்றிய ஒரு நோக்கு

1

யப்பானியப் பண்பாடு பற்றி எழுதுவோரிற் பலர், அம்மக்கள் இயற்கையோடு இயைந்து வாழும் இயல்பினர் என்னும் முடிபினை முன்வைத்து, அதற்குச் சான்றாக மர ஆவிகள் பற்றிய நம்பிக்கையை எடுத்துக்காட்டுவது வழக்கமாகிவிட்டது. முதிர்ந்த மரத்தில் ஆவி உறைகின்றது. அதனை வெட்டுபவன் கேடுறுவான். எனவே யப்பானியர் மரத்தைப் போற்றினர். எனவே அத்தீவுகள் இன்றும் பசுமையாக உள்ளன என்பதே இவ்வாதத்தின் தருக்கமாகும். யப்பானிய நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு காடாக இருப்பது இவ்வாதத்துக்கு வலுவூட்டுவது போலத் தோன்றுகின்றது. மறுபுறத்தில், முற்போக்கு நோக்குடையோர் சிலர் இந்நம்பிக்கைகள் அனைத்தையும் மூடநம்பிக்கை என்னும் ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுகின்றனர். இவ்விரு நிலைப்பாடுகளும் ஒன்றுக்கொன்று எதிரானவையாகத் தோன்றினும், இரண்டுக்கும் பொதுவான ஒரு குறைபாடு உண்டு. மரத்தை வெட்டியவர் யார், வெட்டுவித்தவர் யார், அது வெட்டுண்டதால் இழந்தவர் யார் என்னும் வினாக்களை இரண்டுமே எழுப்புவதில்லை.

இவ்வினாக்களை மனத்திற்கொண்டு மர ஆவிகள் பற்றிய சில பழம்பனுவல்களையும் நாட்டார் கதைகளையும் நாடகங்களையும் மீள நோக்குவதே இங்கு நமது முயற்சி. அவ்வாறு நோக்குமிடத்து, இக்கதைகள் மரத்தை வெட்டலாகாது என்னும் அறவுரையைக் கூறுவனவாக நமக்குத் தோன்றவில்லை. வெட்டுதல் பற்றிய உரிமையும் இழப்பவரின் சம்மதமுமே அவற்றின் உட்கிடக்கை என்பது நமது கருத்தாகும்.

2

மர ஆவியைக் குறிக்க இன்று பெருவழக்காகவுள்ள சொல் ‘கொதாமா’ என்பதாகும். இச்சொல் எதிரொலியையும் குறிக்கும். மலையில் ஒருவன் எழுப்பும் குரலுக்கு விடையிறுப்பது அங்குள்ள மரங்களின் ஆவியே என்ற எண்ணம் இவ்விரு பொருள்களையும் இணைத்துள்ளது. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘வாம்யோ ருயிஜுஷோ’ என்னும் சொற்களஞ்சியம், மரத் தெய்வம் எனப் பொருள்படும் சீனச் சொல்லுக்கு நேரான யப்பானியச் சொல்லாகக் கொதாமாவைத் தருகின்றது. எட்டு நூற்றாண்டுகளின் பின்னர், 1776இல் ஓவியர் தொரியாமா செக்கியென் வெளியிட்ட பேயுருக்கள் பற்றிய புகழ்பெற்ற படநூலின் முதற் படமும் கொதாமாவே. நூறாண்டு கடந்த மரத்தில் தெய்வம் குடிகொண்டு உருவெடுக்கும் என்பது அவர் அதற்குத் தரும் விளக்கத்தின் சாரம். ஒரு சொல் இத்துணைக் காலம் நிலைத்திருந்தமை கொண்டு, அதன் உள்ளடக்கமும் மாறாது நின்றது என்று கொள்வது தவறாகும். காட்டோடு மனிதர் கொண்ட உற்பத்தி உறவுகள் மாற, ஆவியின் குணமும் மாறியுள்ளது.

இதற்கான தொடக்கச் சான்றுகளை 720இல் நிறைவுற்ற ‘நிஹொன் ஷொக்கி’ என்னும் அரச வரலாற்று நூலிற் காணலாம். அதிலுள்ள ஒரு தொன்மத்தின்படி, சுசனோ என்னும் தெய்வம் தன் உடல் உரோமங்களைப் பிடுங்கி எறிய அவை மரங்களாகின்றன. தாடியிலிருந்து சுகி மரமும், மார்பிலிருந்து ஹினோக்கி மரமும், இடைப்பகுதியிலிருந்து மக்கி மரமும், புருவத்திலிருந்து கற்பூர மரமும் தோன்றின. இவ்வளவில் இது பிற நாட்டுப் படைப்புத் தொன்மங்களை ஒத்ததே. ஆயின், அத்தெய்வம் அவற்றைப் படைத்த கையோடு அவற்றின் பயனையும் வகுத்துவிடுகின்றது. சுகியும் கற்பூர மரமும் கப்பலுக்கு; ஹினோக்கி அரண்மனைக்கு; மக்கி சவப்பெட்டிக்கு. கடலுக்கு அப்பாலுள்ள கொரிய நாட்டின் பொன்னையும் வெள்ளியையும் குறிப்பிட்டு, தன் மகன் ஆளும் நாட்டிற்குக் கப்பல் வேண்டும் என்று கருதியே அத்தெய்வம் மரங்களைப் படைத்ததாகவும் அத்தொன்மம் கூறுகின்றது. மரம் இங்கு வழிபடு பொருளாகவன்றி, அரசு ஒன்றின் கட்டுமான வளமாகவே கருக்கொள்கின்றது என்பது மனங்கொள்ளத்தக்கது. சுசனோவின் மகனான இத்தகேரு நாடெங்கும் மர விதைகளைத் தூவி, இறுதியிற் கீ நாட்டில் உறைந்தான் என்பதும் அந்நூல் தரும் செய்தி. கீ நாடு பற்றிப் பின்னர் மீண்டும் பேச நேரும்.

அதே நூல் 618ஆம் ஆண்டுக்குரியதாகப் பதிவு செய்யும் ஒரு நிகழ்ச்சி மேலும் கூர்மையானது. அரசி சுயிக்கோவின் ஆட்சியில், கவாபே குலத்து அதிகாரி ஒருவன் கப்பல் கட்டுவதற்காக அக்கி நாட்டுக்கு அனுப்பப்படுகின்றான். அங்கு அவன் தெரிந்தெடுத்த மரம் இடித் தெய்வத்துக்குரியது, அதனை வெட்டலாகாது என்று ஒருவர் தடுக்கின்றார். இடித் தெய்வமாயினும் அரச ஆணையை மீறலாகுமோ என்பது அவனது மறுமொழியின் கருத்து. படையலிட்டு வெட்டத் தொடங்கியதும் மழையும் இடியும் எழுகின்றன. அப்போது அவன், கூலியாட்களைத் தீண்டாதே, வேண்டுமாயின் என்னுடலை வருத்து என்று வாளேந்தி நிற்கின்றான். தெய்வம் தோற்றுச் சிறு மீனாக மாறிக் கிளையிடையே சிக்குகின்றது. அதனை எரித்துவிட்டுக் கப்பலைக் கட்டி முடிக்கின்றான்.

அரச வரலாற்றாசிரியர்கள் இதனைப் பதிவு செய்தமைக்குக் காரணம் வெளிப்படை. நாட்டுப்புறத்துத் தெய்வங்களின் மீது மைய அரசின் மேலாண்மையை நிறுவுதலே அது. ஆயினும் அவர்களையும் அறியாது மூன்று செய்திகள் இதனுட் புகுந்துள்ளன. முதலாவது, மரம் ஆவிக்குரியது என்ற தடை, அம்மரத்தின் அண்மையிலிருந்து எழுகின்றது. இரண்டாவது, வெட்டும் ஆணை தொலைவிலுள்ள அரசவையிலிருந்து வருகின்றது. மூன்றாவது, தெய்வத்தின் சினம் முதலில் விழவிருந்தது கோடரி பிடித்த கூலியாட்கள் மீதே. அதிகாரியின் வீரத்தைப் புகழ்வதற்காகச் சொல்லப்பட்ட அவ்வேண்டுதல், ஆணையிடுபவன் ஒருவன், ஆபத்துக்கு உள்ளாகுபவன் வேறொருவன் என்னும் உண்மையை ஒப்புக்கொள்கின்றது.

அரசு எப்பொழுதும் வென்றதாகவும் கூறமுடியாது. 661இல் அரசி சயிமெய் அசகுரா என்னுமிடத்தில் அரண்மனை எழுப்புவதற்காக அங்கிருந்த ஆலயத்தின் மரங்களை வெட்டுவித்தமையால், தெய்வம் வெகுண்டு கட்டடத்தைச் சிதைத்தது என்றும், பணியாளர் பலர் நோயுற்று மாண்டனர் என்றும் அதே நூல் கூறுகின்றது. அரசியும் அவ்வாண்டிலேயே அங்கு காலமானாள். தெய்வச் சினம் என்னும் மொழியில் இங்கு பதிவாகியிருப்பது அரசின் மீதான ஒரு குற்றச்சாட்டு என்று நாம் கொள்வது பொருந்தும்.

3

அரச நூல்களினின்றும் மரம் வெட்டுவோரின் சடங்குகளுக்கு வருவோம். ஒரு மரத்தை வீழ்த்தியதும் அதன் நுனிக்கொப்பை எஞ்சிய அடிக்கட்டையில் நட்டுவைக்கும் வழக்கம் பழங்காலந்தொட்டு இருந்தது. ‘மன்யோஷூ’ தொகுதியின் பாடல்களில், கப்பல் மரம் வெட்டுதலோடு இணைத்து இது குறிப்பிடப்படுகின்றது. 927இல் நிறைவுற்ற ‘எங்கிஷிக்கி’ என்னும் சட்டத் தொகுப்பில் இடம்பெறும் அரண்மனை வாழ்த்து ஒன்றிலும், மரத்தின் அடியையும் நுனியையும் மலைத் தெய்வத்துக்கு விட்டு நடுப்பகுதியை மட்டும் எடுத்துவந்ததாகக் கூறப்படுகின்றது. இஸே பேராலயம் இருபதாண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டப்படும்போது, கிசோ மலைக்காட்டில் முதல் மரங்களை வெட்டும் சடங்கில் இவ்வழக்கம் இன்றும் பேணப்படுகின்றது. இஸே இறுதியாகப் புதுப்பிக்கப்பட்டது 2013இல் ஆகும். தெற்கே இசு தீவுகளைச் சேர்ந்த ஆவோகஷிமாவில், பெரிய சுகி மரங்களின் அடியிற் சிறு கோயில் அமைத்துக் கொதாமாவை வழிபடும் மரபு பதிவாகியுள்ளது.

இச்சடங்கினைக் கடனை ஒப்புக்கொள்ளும் ஒரு செயலாகக் கொள்ளலாம். எடுத்துக்கொள்பவன் முழுவதையும் எடுத்துக்கொள்வதில்லை. எடுத்த இடத்தில் மீளத் தளிர்க்க வேண்டும் என்ற வேட்கையையும் நட்டுவைக்கின்றான். காட்டை நம்பி வாழும் உழைப்பாளியின் அனுபவ அறிவு இதில் உண்டு. ஆயின் இதே சடங்கு அரண்மனைக்குரிய வாழ்த்திற் சேர்ந்தவுடன் அதன் பணி மாறிவிடுகின்றது. அங்கு அது கட்டுப்பாடாக நில்லாது அனுமதிச் சீட்டாகிவிடுகின்றது. வேண்டுமளவு மரம் வெட்டுக. ஒவ்வொன்றுக்கும் உரிய மரியாதை செய்தால் போதும் என்பது அதன் பொருளாகிவிடுகின்றது. மர ஆவி பற்றிய நம்பிக்கை தன்னளவிற் காட்டைக் காப்பதுமில்லை, அழிப்பதுமில்லை. அது யாருடைய கையில் உள்ளது என்பதே முக்கியமாகின்றது.

வரலாறு இதனை உறுதிப்படுத்துகின்றது. அமெரிக்க வரலாற்றாசிரியர் கொன்ராட் டொட்மன் 1989இல் வெளியிட்ட யப்பானியக் காட்டு வரலாறு, இரு பேரழிவுக் காலங்களைப் பிரித்துக் காட்டுகின்றது. ஏறத்தாழ 600 முதல் 850 வரை தலைநகரங்களும் பெருவிகாரைகளும் எழுந்த காலம் ஒன்று. 1570 முதல் 1670 வரை கோட்டைகளும் நகரங்களும் எழுந்த காலம் மற்றொன்று. இவ்விரு காலங்களிலும் மர ஆவி நம்பிக்கை அற்றுப்போயிருக்கவில்லை. பின்னர் காடு மீண்டதற்கு, வெட்டுதல் மீதான கடும் ஒழுங்குமுறைகளும் திட்டமிட்ட மர நடுகையுமே பெருங்காரணங்கள் என்பது அவரது ஆய்வின் முடிபு. இன்றைய பசுமையை ஆவிகளின் அருளாகக் காட்டுவோர், நடுகையில் ஈடுபட்ட கிராமத்தவரின் உழைப்பை மறைத்துவிடுகின்றனர்.

4

மர ஆவி பற்றிய கதைகளுள் மிகச் சிறந்தவை, மனிதருக்கும் மரத்துக்கும் இடையிலான மணவுறவு பற்றியவை. இவ்வகையின் முழுமையான வடிவத்தைப் பொம்மலாட்ட நாடகமான ஜோருரியிற் காண்கின்றோம். 1760இல் ஒசாக்காவில் அரங்கேறிய நாடகமொன்றின் பகுதி, பின்னர் ‘சன்ஜூசன்கென்தோவின் முகட்டுவளை வந்த வரலாறு’ எனத் தனியாக ஆடப்பட்டு இன்றும் நிலைத்துள்ளது. வேட்டைப் பருந்தின் கயிறு வில்லோ மரமொன்றிற் சிக்க, அதனை விடுவிப்பதற்காக மரத்தையே வெட்ட முற்படுகின்றனர். ஹெயித்தாரோ என்பவன் அம்பெய்து கயிற்றை அறுத்து மரத்தைக் காக்கின்றான். அம்மரத்தின் ஆவி ஒர்யூ என்னும் பெண்ணாக வந்து அவனுக்கு மனைவியாகின்றாள். மிதொரிமாரு என்னும் மகனும் பிறக்கின்றான். துறவுநிலை எய்திய பேரரசர் ஷிரக்காவாவின் தீராத் தலைவலிக்குக் காரணம், அவரது முற்பிறவி மண்டையோடு அந்த வில்லோவிற் சிக்கியிருப்பதே என்று தெரியவருகின்றது. மரத்தை வெட்டி, கியோத்தோவில் எழும் பெருமண்டபத்துக்கு முகட்டுவளையாக்க ஆணை பிறக்கின்றது. தொலைவிற் கோடரி விழ விழ, வீட்டினுள் ஒர்யூ துடிக்கின்றாள். கணவனையும் உறங்கும் மகனையும் பிரிந்து மறைகின்றாள். வெட்டிய மரத்தைப் பலர் கூடி இழுத்தும் அது ஓரிடத்தில் அசையாது நின்றுவிடுகின்றது. ஹெயித்தாரோ மரமிழுப்போரின் தொழிற்பாட்டைப் பாட, சிறுவன் கயிற்றைப் பற்றுகின்றான். அப்போதே மரம் நகர்கின்றது.

உண்மையிற் சன்ஜூசன்கென்தோவை 1164இல் எழுப்புவித்தவர் கோ-ஷிரக்காவா. அது தீக்கிரையாகி, இன்றுள்ள மண்டபம் 1266இல் மீளக் கட்டப்பட்டது. நாடகம் வரலாற்றைத் தன் விருப்புக்கேற்ப மாற்றிக்கொள்கின்றது. அது இங்கு முக்கியமன்று. அசையாது நிற்கும் அந்த மரமே நமது கவனத்துக்குரியது. பேரரசரின் ஆணைக்கு மரம் வீழ்ந்தது. ஆயின் அவ்வாணைக்கு அது நகரவில்லை. இழந்தவனின் கை பட்ட பின்னரே நகர்ந்தது. அதிகாரம் வெட்டலாம், சம்மதத்தை அதனால் உண்டாக்க முடியாது என்பது இக்காட்சியின் உட்பொருள்.

இங்கு ஒரு தடையை நாமே எழுப்பிக்கொள்ள வேண்டும். தாயின் உடலை மகனைக் கொண்டே இழுப்பிக்கும் இக்காட்சி எதிர்ப்பா, இணக்கமா? நிலமானிய சமூகத்தின் நாடகம் என்ற வகையில் இது இணக்கத்தையே நாடுகின்றது. ஒர்யூவின் மறைவு புண்ணியமாக மாற்றப்படுகின்றது. அரசரின் தலைவலி தீர்கின்றது. பார்வையாளரின் கண்ணீரிற் கேள்வி கரைந்துபோகின்றது. இக்கருத்துநிலைப் பணியை மறைத்து இந்நாடகத்தைக் கலகக் குரலாகக் காட்டுவது நேர்மையாகாது. எனினும், கலைப்படைப்பொன்று தான் தீர்த்துவைக்க விரும்பும் முரண்பாட்டை முதலிற் காட்டியாக வேண்டும். தலைவலி ஒருவருக்கு, உயிரிழப்பு வேறொருவருக்கு என்ற ஏற்றத்தாழ்வை இந்நாடகம் மேடையிற் பருப்பொருளாக நிறுத்துகின்றது. இறுதி உணர்ச்சியை அரசவைக் கவிதையில் வெளியிடாது, மரமிழுக்கும் தொழிலாளரின் பாட்டில் வெளியிடுவதும் தற்செயலன்று. துயரத்தைச் சொல்லும் தகுதி உழைப்பவரின் பாட்டுக்கே உண்டு என நகரத்துப் பார்வையாளர் ஏற்றுக்கொண்டனர் என்பதற்கு இது சான்று.

யமகாத்தாப் பகுதியில் வழங்கும் அகோயா பற்றிய கதை, இதனோடு ஒப்பிடத்தக்கது. இளம்பெண் அகோயாவின் காதலன் இரவில் வருபவன். தான் சித்தோசே மலையிலுள்ள பைன் மரத்தின் ஆவி என அவன் இறுதியில் வெளிப்படுத்துகின்றான். வெள்ளம் அடித்துச் சென்ற நத்தோரி ஆற்றுப் பாலத்துக்காக அம்மரம் வெட்டப்படுகின்றது. இங்கும் மரம் நகர மறுக்கின்றது. அகோயா வந்து தொட்ட பின்னரே நகர்கின்றது. அங்கு ஒருவரின் தலைவலி. இங்கு எல்லோரும் கடக்கும் பாலம். காரணம் எத்துணைப் பொதுநலம் சார்ந்ததாயினும் இழப்பவரைக் கேளாது அமையாது என்பதே இவ்விரு கதைகளும் கூடும் இடம். நலன் பொதுவானது என்ற ஒன்றே போதும் என்று கருதும் எந்த அரசுக்கும் இக்கதை பொருந்தும்.

மேனாட்டு வாசகர்க்கு மர ஆவிகளை அறிமுகஞ் செய்தவருள் முதன்மையானவர் லவ்காடியோ ஹேர்ண். 1904இல் வெளிவந்த அவரது ‘க்வைதான்’ தொகுதியில் அவோயகி என்னும் வில்லோப் பெண்ணின் கதை உண்டு. இளம் சாமுராய் ஒருவன், பனிப்புயலில் ஒதுங்கிய குடிசையில் அவளைக் கண்டு மணக்கின்றான். ஐந்தாண்டு இன்ப வாழ்வின் பின்னர், தன் மரத்தை யாரோ வெட்டுவதாகக் கதறி அவள் மறைகின்றாள். பின்னர் அவன் அவ்விடம் சென்று காண்பது மூன்று அடிக்கட்டைகளை மட்டுமே. ஹேர்ணின் உரைநடை நேர்த்தியானது. இழப்பின் துயர் உண்மையானது. ஆயின் வெட்டியவர் யார் என்று கதை கூறவுமில்லை, கணவன் கேட்கவுமில்லை. ஜோருரியில் ஆணையிட்டவருக்குப் பெயர் உண்டு. இழுப்போருக்குப் பாட்டு உண்டு. இங்கு கோடரி, விதியைப் போல எங்கிருந்தோ விழுகின்றது. சமூக முரண்பாடு நிலையாமை பற்றிய ஏக்கமாக மாற்றப்படுவது இவ்வாறுதான். யப்பானிய மர ஆவியைப் பற்றி உலகம் கொண்டுள்ள மென்மையான படிமத்துக்கு இவ்வெழுத்து பெரிதும் காரணமாயிற்று.

5

கதைகளுக்கு வெளியே கோடரியின் உரிமை எவ்வாறு இயங்கியது என்பதையும் நோக்குதல் வேண்டும். கிசோ மலைக்காடுகளை ஆண்ட ஒவாரிச் சிற்றரசு, 1665 முதல் காடுகளை மூடத் தொடங்கியது. 1708இல் ஹினோக்கி உள்ளிட்ட மரங்களை மக்கள் வெட்டுவது தடைசெய்யப்பட்டது. பின்னர் தடைக்குட்பட்டவை ஐந்து மரங்களாயின. ஒரு ஹினோக்கிக்கு ஒரு தலை என்னும் பழமொழி அங்கு இன்றும் நினைவுகூரப்படுகின்றது. இங்கு மரத்தைக் காத்தது ஆவியன்று, தண்டனை. அது காத்ததும் மரத்தை மட்டுமன்று, ஆள்வோரின் வருவாயையுமாகும்.

தெற்கே யக்குஷிமாத் தீவில், ஆவியின் சொல்லே ஆள்வோருக்குச் சாதகமாகத் திருப்பப்பட்டது. அங்குள்ள பழம்பெரும் சுகி மரங்களைத் தெய்வத்துக்குரியன என்று தீவினர் வெட்டாதிருந்தனர். பதினேழாம் நூற்றாண்டில், அத்தீவிற் பிறந்த அறிஞர் தொமாரி ஜொச்சிக்கு, மலையில் வழிபாடு செய்து தெய்வத்தின் அனுமதியைப் பெற்றுவந்ததாக மரபு கூறுகின்றது. மரத்திற் கோடரியைச் சாய்த்துவைத்து, மறுநாட்காலை அது விழாதிருந்தால் வெட்டலாம் என்பது அவர் கொணர்ந்த விதி. அதன் பின்னர் மரங்கள் கூரைப் பலகைகளாகிச் சத்சுமாச் சிற்றரசுக்கு இறையாகச் சென்றன. வறிய தீவினருக்கு இதனால் நெல்லும் பிற பொருளும் கிடைத்தன என்பதையும் கூறாது விடலாகாது. ஆயினும், சாய்த்த கோடரி பெரும்பாலும் விழுவதில்லை என்பதை அறிய இறையியல் வேண்டியதில்லை.

மெய்ஜி மாற்றத்தின் பின் நிகழ்ந்ததைப் புரிந்துகொள்ள, ஷிமசாக்கி தோசொன் 1929 முதல் 1935 வரை எழுதிய ‘விடியலுக்கு முன்’ என்னும் நாவல் பெரிதும் உதவும். கிசோப் பாதையின் ஊர்த்தலைவனான ஹன்சோ, பழந்தெய்வங்களின் ஆட்சி மீளுமாயின் காடும் மக்களுக்கு மீளும் என்று நம்பியவன். புதிய அரசோ காடுகளை அரச உடைமையாக்கியது. காட்டைத் திறந்துவிடுமாறு விண்ணப்பித்த ஹன்சோ பதவியிழந்து, இறுதியிற் சித்தங்கலங்கி மடிகின்றான். தெய்வத்தின் பெயரால் ஆட்சிக்கு வந்த அரசு, தெய்வத்தின் மரங்களை என்ன செய்தது என்பதே அந்நாவலின் கசப்பான கேள்விகளுள் ஒன்று.

அக்கேள்விக்கு 1906இல் முழுமையான விடை கிடைத்தது. கிராமத்துச் சிறு ஆலயங்களை ஒன்றிணைத்து, ஓரூராட்சிக்கு ஓர் ஆலயம் என்ற நிலையைக் கொணர அரசு முற்பட்டது. ஏறத்தாழ 190,000ஆக இருந்த ஆலயங்களுள் 70,000 வரை சில ஆண்டுகளுள் மறைந்தன. மியே மாகாணத்தில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்ததாகக் கூறப்படுகின்றது. அயலிலுள்ள வகயாமாவும் கடுமையாகத் தாக்குண்டது. விதை தூவிய இத்தகேரு உறைந்ததாக நிஹொன் ஷொக்கி கூறும் கீ நாடு இதுவே. மூடப்பட்ட ஆலயத்தின் காவுகள் விற்பனைக்கு வந்தன. நூற்றாண்டு மரங்கள் வணிகரின் கைக்குச் சென்றன.

இதனை எதிர்த்து நின்றவருள் முதன்மையானவர் மினகத்தா குமகுசு (1867–1941). இலண்டனிற் பிரித்தானிய அரும்பொருளகத்தில் ஆய்வு நடத்தித் தாயகம் மீண்டு, தனபேயில் வாழ்ந்த இயற்கையியலாளர் இவர். 1910இல் அதிகாரிகளின் கூட்டமொன்றினுள் வலிந்து புகுந்தமைக்காகக் கைதாகிப் பதினெட்டு நாள் காவலில் இருந்தார். அடுத்த ஆண்டில் அவர் தாவரவியலாளர் ஒருவருக்கு எழுதிய இரு நீண்ட கடிதங்களை, நாட்டார் வழக்கியலின் முன்னோடி யனகித்தா குனியோ அச்சிட்டு அறிஞரிடையே பரப்பினார். அவ்வாண்டிலேயே மாகாண ஆளுநருக்கு எழுதிய கடிதத்தில், மரஞ்செடிகள் ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் தொடர்பை ஆராயும் ‘எக்கொலொஜி’ என்னும் புதிய துறையையும் அவர் சுட்டினார்.

மினகத்தாவின் வாதம் நமக்குப் பெரிதும் பயன்தருவது. ஆலயக் காவில் ஆவி உறைகின்றது, ஆதலால் வெட்டலாகாது என்பதோடு அவர் நின்றுவிடவில்லை. மழை வேண்டிக் கூடுமிடம், திருவிழாவிற் சிறு வணிகர் பிழைக்குமிடம், தொலைவிலிருந்து படகோட்டி அடையாளங் காணும் மரம், பூச்சிகளை உண்டு பயிரைக் காக்கும் பறவைகளின் உறைவிடம், அறிவியல் இன்னும் பெயரிடாத நுண்ணுயிர்களின் வாழிடம் எனக் காவின் சமூகப் பயன்களை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டினார். கிராமத்தவரின் ஒப்புதல் வற்புறுத்திப் பெறப்பட்டது என்பதும் அவரது குற்றச்சாட்டுகளுள் ஒன்று. நாட்டுப்பற்றுக் குன்றும் என்றும் அவர் வாதித்ததால், அரச கருத்துநிலைக்கு முழுவதும் புறத்தே நின்றார் என்று கூற முடியாது. ஆயினும் ஒன்று தெளிவு. அன்று சீர்திருத்தம், சிக்கனம், பகுத்தறிவான நிருவாகம் என்னும் சொற்கள் மரவணிகரின் பக்கம் நின்றன. மூடநம்பிக்கை எனப்பட்டது ஏழைக் கிராமத்தவரின் பொதுச்சொத்துக்கு அரணாக நின்றது. 1920இல் பிரபுக்கள் சபை இணைப்புக் கொள்கையைக் கைவிடத் தீர்மானித்தபோது பல காவுகள் போய்விட்டிருந்தன. மினகத்தா போராடிக் காத்த தனபே விரிகுடாவின் கஷிமாத் தீவு பின்னர் இயற்கை நினைவுச் சின்னமாக்கப்பட்டது.

6

இன்றைய நிலைக்கு வருவோம். 1980களிலும் 1990களிலும் மெய்யியலாளர் உமெஹரா தக்கெஷி முதலியோர், காட்டின் சிந்தனையே யப்பானியப் பண்பாட்டின் அடித்தளம் என்றும், அதுவே மனித குலத்தைக் காக்கவல்லது என்றும் எழுதினர். மேலைத்தேய நாகரிகத்தின் மீதான அவர்களது விமரிசனத்திற் கொள்ளத்தக்கன உண்டு. ஆயின், அக்காலத்தில் யப்பானியக் கட்டுமானத் தொழில் உண்டது எவருடைய காட்டை? 1960களில் மர இறக்குமதி தாராளமாக்கப்பட்டதன் பின், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, சபா, சரவாக் ஆகியவற்றின் காடுகள் அடுத்தடுத்து யப்பானியச் சந்தைக்கு வந்தன. 2000ஆம் ஆண்டளவில் யப்பான் பயன்படுத்திய மரத்தில் ஐந்திலொன்றுக்கும் குறைவானதே உள்நாட்டினது. உள்நாட்டிலோ, போரின் பின் விலை கருதி நடப்பட்ட சுகி, ஹினோக்கி மரங்கள் நிறைந்த செயற்கைக் காடு மொத்தக் காட்டின் ஐந்தில் இரண்டு பங்காக விரிந்தது. தன் ஆவிகளைப் போற்றுவதும் பிறர் காட்டை வாங்குவதும் ஒரே சமூகத்தில் இடர்ப்பாடின்றி ஒன்றித்திருந்தன. ‘யப்பானியர்’ என்னும் ஒருமை பல வேறுபாடுகளையும் மறைக்கின்றது. ஆலினத்து மரங்களில் உறைந்து மீனவர்க்கு மீன்பிடியில் துணைநிற்கும் கிஜிமுனா என்னும் ஆவி ஒக்கினாவாவினது. 1879இல் யப்பானோடு இணைக்கப்பட்ட தனி அரசொன்றின் மக்களது மரபு அது.

1997இல் வெளிவந்த மியசாக்கி ஹயாவோவின் ‘இளவரசி மொனொனொக்கே’ என்னும் சித்திரத் திரைப்படம் கொதாமாவை உலகறியச் செய்தது. இப்படம் எளிய இயற்கைத் துதியன்று. காட்டை அழிக்கும் இரும்பு உலையின் தலைவி, விலைப்பட்ட பெண்களுக்கும் தொழுநோயாளருக்கும் வாழ்வளிப்பவளாகவும் இருக்கின்றாள். உற்பத்தியின் விடுதலைப் பண்பையும் அழிவுப் பண்பையும் ஒருங்கே காட்டிய அளவில் அது பாராட்டுக்குரியது. எனினும் அதன் கொதாமாக்கள் பேசுவதில்லை. தலையைச் சுழற்றிக் கலகலக்கின்றன, மறைகின்றன, ஈற்றில் ஒன்று மீள்கின்றது. ஒர்யூவுக்கிருந்த குரல் அவற்றுக்கில்லை. அப்படத்தின் கலைஞர் முன்மாதிரியாகக் கொண்ட காடுகளுள் யக்குஷிமாவும் ஒன்று. மனிதர் கைபடாதது போலப் பாசி மூடித் தோன்றும் அக்காட்டினுள், கூரைப் பலகைக்காக வெட்டப்பட்ட மரங்களின் அடிக்கட்டைகள் இன்றும் உள்ளன. பாசியைக் காண்போர் அதன் அடியிலுள்ள கட்டையையும் காணல் வேண்டும்.

மர ஆவிகள் உண்டா, இல்லையா என்பது திறனாய்வாளரின் வினாவன்று. அவை யாருடைய வாயாகப் பேசின, யாருடைய கையில் ஊமையாக்கப்பட்டன என்பதே நமது வினா. அரசவையில் அவை தோற்ற பகைவராயின. ஆலயக் காவிற் பொதுச்சொத்தின் காவலராயின. ஜொச்சிக்குவின் கையில் வரிவசூலிப்போராயின. இன்று தேசியப் பெருமிதத்தின் அணிகலனாயின. இவ்வேறுபாடுகளைக் காணாது போற்றுவதும் தவறு. காணாது தூற்றுவதும் தவறு. ஒரு மக்கட் கூட்டம் தன் மரத்துக்கு ஆவி உண்டு என்று கூறும்போது, பெரும்பாலும் அது தன் உரிமையைத் தனக்குத் தெரிந்த மொழியிற் கூறுகின்றது. அம்மொழியைத் திருத்த முற்படுமுன் அவ்வுரிமையைக் கேட்டறிவது முற்போக்காளரின் கடமையாகும். மரம் வீழ்ந்துவிட்டது என்பதனால் அது நகர்ந்துவிடும் என்று கருதலாகாது.